பதினேழாம் எண்ணின் வலது சுத்தி

என்னை ஏமாற்றியவள் எனக்கு எதிரி இல்லை. எதிரியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு அன்றைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பேன். பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். தென்காசியில் ஏறியதும் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். ஆலங்குளத்தில் அவள் ஏறுவதற்குள் அந்த இருக்கைக்காக ரெண்டு பேரிடமாவது மல்லுக்கு நின்றிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

இருவரும் திருநெல்வேலி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் வேலை பார்த்தோம். டாக்டர்கள் இல்லை, எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்தவர்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையில் ஒரு எலும்பைக் கொடுத்து, இது வலதா இடதா, எது மேல்பக்கம் என்று கேட்டுக் கேட்டுச் சொல்ல வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். துறையில் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் மற்றவள் எங்கே என்று கேட்பார்கள்.

போன வருஷம் கல்லூரி நிர்வாகம் ஒரு குண்டைப் போட்டது. வருகிற ஜூனுக்குள் பிஎச்.டி. முடிக்காதவர்களை வேலையில் வைத்திருக்க முடியாது என்றார்கள். அவள் முந்தின வருஷமே முடித்துவிட்டாள். நான்தான் நாலு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் வேலை போனால் வேறு எந்த வாசலில் போய் எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்பது? ஆய்வேட்டை மாசி முடிவதற்குள் கொடுத்தே ஆகவேண்டும்.

என் ஆய்வு நடுக்காதின் மூன்று எலும்புகளைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான்: சுத்தி, பட்டடை, அங்கவடி. துறையில் மல்லியஸ், இன்கஸ், ஸ்டேபிஸ் என்போம். செவிப்பறையில் ஒட்டியிருக்கும் சுத்திதான் மூன்றில் நீளம்; அதுவே ஒரு அரிசியின் அளவுதான். கடைசியில் இருக்கும் அங்கவடி அதில் பாதிகூட வராது; விரல் நுனியில் வைத்தால் வைத்திருப்பதே தெரியாது. மனிதன் பிறக்கும்போதே இவை முழு அளவில் இருக்கும், அப்புறம் வளர்வதே இல்லை. ஒரே மனிதனின் வலது காது எலும்புகளும் இடது காது எலும்புகளும் ஒரே அளவுதானா என்பது என் கேள்வி. தானமாக வந்த முப்பது உடல்களிலிருந்து அறுபது காதுகளின் எலும்புகளை எடுத்து ஒப்பிட வேண்டும்.

எடுப்பது லேசான காரியம் இல்லை. மண்டையோட்டின் உட்பக்கமிருந்து பார்த்தால் நடுக்காதுக்கு மேலே ஒரு மெல்லிய எலும்புக் கூரை இருக்கும். அதைச் சின்ன உளியால் தட்டி, துண்டு துண்டாகப் பெயர்த்து, பூதக்கண்ணாடியின் கீழே இடுக்கியை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பேன். கொஞ்சம் அவசரப்பட்டால் அங்கவடியின் கால் ஒடிந்துவிடும். எடுத்துக் காயவைத்து, ஹோமியோபதி மாத்திரை வருகிற குப்பிகளில் பஞ்சு வைத்து, எண் எழுதி, வலது இடது என்று தனித்தனியே ஒட்டி அடுக்குவேன். இத்தனையும் நானே செய்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். ஒரே எலும்பை ரெண்டு பேர் அளக்க வேண்டும், ரெண்டு நோட்டு, ரெண்டு வெர்னியர் அளவுகோல். ஒருத்தர் நோட்டை மற்றவர் பார்க்கவே கூடாது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் ரெண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கலாம். ஒரு ஆளின் கண்ணை நம்பி ஆராய்ச்சி செய்யக் கூடாது என்பார். ரெண்டாவது ஆள் யார் என்பதில் நான் யோசிக்கவே இல்லை. அவளிடம் கேட்டபோது, இதுக்கெல்லாமா கேட்பாய் என்று கோபித்துக்கொண்டாள்.

எனக்குச் சொந்தமாக வாங்கிய டிஜிட்டல் வெர்னியர். அதையும் யாரையும் தொட விடமாட்டேன். அவளுக்குத் துறையில் கிடந்த பழைய ஸ்டீல் வெர்னியர், கண்ணால் கோடு பார்த்துப் படிக்கிறது. நான் முதலில் அளந்து குப்பியை மூடி வைப்பேன். பிறகு அவள் எடுத்து அளப்பாள். ஆனி மாதம் வலது காது எலும்புகள் முழுவதையும் முடித்துவிட்டு, ஆவணியில் இடதுக்குப் போவதென்று ஏற்பாடு.

ஆனி மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆலங்குளத்தைத் தாண்டினால் காற்றாலைகளாகத்தான் நிற்கும். சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? எலும்பு அளக்கும் நாளில் ஃபேன் போடமாட்டோம், ஜன்னல் இடுக்கெல்லாம் அட்டை வைத்து அடைத்திருப்போம். அன்றைக்குப் பதினேழாம் எண்ணின் வலது சுத்தியை அளந்து நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். எலும்பு கறுப்புச் சார்ட் தாளின்மேல் கிடந்தது. குப்பியை எடுக்கத் திரும்பினேன். யாரோ கதவைத் திறந்தார்கள். தாள் எழும்பிப் பறந்து தரையில் விழுந்தது. அதன்மேல் எலும்பு இல்லை.

முழங்கால் போட்டு ரெண்டு மணி நேரம் தேடினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். அலமாரியை நகர்த்தினேன். ஈரப் பஞ்சால் தரை முழுக்க ஒற்றி எடுத்தேன். புழுதியும் தலைமுடியும்தான் வந்தன. கதவைத் திறந்தவர் யாரென்றுகூடத் தெரியவில்லை. திறந்த வேகத்தில் மூடிவிட்டுப் போய்விட்டார்.

பதினேழு ஒரு ஆண், வயதானவர். உடலை ஒப்படைக்க வந்த அன்று அவர் மனைவி ஒரு வேட்டியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து, இதை அவருக்குக் கட்டிவிடுவீர்களா என்று கேட்டார். நான்தான் கையில் வாங்கினேன். அப்படிக் கொடுத்துவிட்டுப் போன மனிதரின் எலும்பைத் தரையில் தொலைத்துவிட்டு நிற்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நியாயமாக உடனே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆய்வில் இப்படி நடப்பது உண்டு. ஆனால் அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு மாணவி மணிக்கட்டு எலும்பு ஒன்றைத் தொலைத்துவிட்டாள் என்று மூன்று நாள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். இது யாரோ ஒருத்தர் வீட்டு அப்பா, கூழாங்கல் இல்லை என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கத்தியிருந்தேன். அந்த வாயால் நானும் தொலைத்தேன் என்று எப்படிச் சொல்வது? மிச்சம் இருந்த ரெண்டு எலும்போடு குப்பியை மூடி வரிசையில் வைத்துவிட்டேன். எப்படியும் அவள் அளக்க எடுக்கும்போது, பதினேழில் சுத்தியைக் காணோமே என்று கேட்பாள். அப்போது அவளிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. வலது குப்பிகள் முப்பதையும் முடித்துவிட்டேன் என்று சொல்லி அலமாரியில் திருப்பி வைத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, சாயங்காலம் பஸ்ஸில் மகனின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

பார்த்திருக்கிறாள், தெரிந்துகொண்டாள், என் மானம் போகக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவளாக இருந்தால்கூட ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருப்பாள். இப்படியும் ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று சாமிக்கு நன்றி சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்காக எதைச் செய்தாலும் போதவில்லை. அவளுடைய சனிக்கிழமை வகுப்புகளை நானே எடுத்தேன். வீட்டில் எது செய்தாலும் ஒரு டப்பா அவளுக்குத் தனியாகப் போகும். என் கணவர்கூட, உனக்கு என்ன ஆயிற்று, யார்மேலும் இப்படி உருகிப் பார்த்ததில்லையே என்று கேட்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு குடும்பமும் சேர்ந்து குற்றாலத்துக்குப் போனோம். மெயின் அருவியில் கூட்டம் தாங்காது என்று ஐந்தருவிக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் பக்கம் அவளும் நானும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். தண்ணீர் மண்டையில் வந்து மொத்துகிற மொத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தன் ரெண்டு கையாலும் என் காதுகளைப் பொத்தினாள். வெளியே வந்து ஈரத்தோடு சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம். உள்ளே நிற்கிற அத்தனை பேர் காதிலும் இப்போது சுத்தி எப்படி அடிக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். சுத்தி என்று அவள் சொன்னதும் சொல்லிவிடலாம், நன்றி என்றாவது ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவளும் என்னையே பார்த்தாள். அதற்குள் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

புரட்டாசியில் என் நோட்டு முடிந்தது. சராசரி போட்டுப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. வலது காதின் எலும்புகள் இடது காதின் எலும்புகளைவிடக் கால் மில்லிமீட்டர் பெரிதாக இருந்தன. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்லை, முப்பது பேருக்கும். மேடத்திடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ரெண்டாவது நோட்டும் இதையே சொன்னால் இது சாதாரண விஷயம் இல்லை, நல்ல பத்திரிகையில் வரவேண்டியது என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அவள் நோட்டு மார்கழியில் என் கைக்கு வந்தது. தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ரெண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எண்களை ஏற்ற ஆரம்பித்தேன். நன்றாக ஒத்துப்போயிற்று. பதினேழு வந்ததும், பாவம், அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாளோ, கோடு போட்டிருப்பாளோ, சும்மா விட்டிருப்பாளோ என்று ஒரு வாஞ்சையோடுதான் பார்த்தேன்.

வலது சுத்தி: முழு நீளம், கைப்பிடி நீளம், தலையின் அகலம். மூன்று கட்டத்திலும் எண் இருந்தது. மூன்றும் என் எண்ணுக்கு ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தது.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். என் எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று ஏற்றி, ஒன்று இறக்கி எழுதியிருக்கிறாள். முப்பது பேர், அறுபது காது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அழகாகத் தேதி, கையெழுத்து. எங்கள் அலமாரிக்கு ஒரே சாவி, இருவருக்கும் பொது. நோட்டைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எலும்பை அளக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு மாதமாக நான் எந்தப் பெருந்தன்மைக்காக உருகிக்கொண்டிருந்தேனோ அது நடக்கவே இல்லை. அவள் என்னைக் காப்பாற்றவில்லை. அந்தக் குப்பியைத் திறக்கவேயில்லை. உலகத்திலேயே இல்லாத ஒருத்தியோடுதான் நான் இத்தனை நாள் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவளுக்கு இடம் பிடிக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஆலங்குளத்தில் ஏறியவள் என் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மத்தியானம் எலும்பு வைக்கிற அறைக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"பதினேழுல ரைட் மல்லியஸ அளந்தியாட்டி?"

"அளந்தேம்லாக்கா. நோட்டுலதான் இருக்கே."

"எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? நல்லாத்தான் இருந்துச்சு."

குப்பியைத் திறந்து கறுப்புத் தாளில் கொட்டினேன். ரெண்டு எலும்புதான் விழுந்தது. எப்போது தொலைந்தது என்று கேட்டாள், ஆனியில் என்றேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாளே பார்க்க வேண்டும்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துறையே அதிர்ந்திருக்கும். திருடி என்றேன். என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்றேன். அவள் பிஎச்.டி. எப்படி வாங்கினாள் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னேன். அது தேவையில்லாத வார்த்தை, சொல்லிவிட்டேன்.

அவள் ஆரம்பத்தில் கொஞ்சம் அளந்து பார்த்ததாகவும், அப்புறம் என் நோட்டைப் பார்த்து எழுதியதாகவும் சொன்னாள். ஏன் என்றதற்கு, "ஒன் கை தப்பாதுன்னு நெனச்சேன்க்கா" என்றாள். செய்வதையும் செய்துவிட்டு எனக்கு ஐஸ் வைக்கிறாளா என்று இன்னும் கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் முந்தின பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

மேடத்திடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் துடித்தது. ஆனால் எதை வைத்துச் சொல்வது? அளக்காமலே எழுதியிருக்கிறாள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, இல்லாத அந்த எலும்பு. அதைச் சொன்னால் நான் தொலைத்ததையும் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாசி முடிய ரெண்டு மாதம்தான் இருந்தது. கடைசியில் ஒரு கோணல் முடிவுக்கு வந்தேன். ரெண்டாவது நோட்டை அவளுக்குப் பதிலாக நானே மறுபடி அளந்து எழுதிவிடுவது. எண்கள் உண்மையாக இருந்தால் போதாதா? அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போகிறது. எனக்கு அதைச் செய்யக் கடமைப்பட்டவள்தானே.

பொங்கல் விடுமுறையில் துறையில் ஆளே இல்லை. ரெண்டாவது நோட்டு என்பதால் ரெண்டாவது வெர்னியரான அந்தப் பழைய ஸ்டீலையே எடுத்துக்கொண்டேன். முதல் எண், வலது சுத்தி. என் நோட்டில் இருந்ததைவிடக் கால் மில்லிமீட்டர் குறைவாக வந்தது. மூன்று தடவை அளந்தேன், அதேதான். துருப்பிடித்த மூதி என்று வெர்னியரைத் திட்டிவிட்டு இடது சுத்தியை வைத்தேன். அது அச்சு அசலாக என் நோட்டில் இருந்தபடியே வந்தது. ரெண்டாம் எண்ணில் வலது குறைந்தது, இடது சரியாக வந்தது. மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் அப்படித்தான். சுத்தியிலும் கால் மில்லி, அதில் பாதிகூட இல்லாத அங்கவடியிலும் அதே கால் மில்லி. பெரிய எலும்பும் சின்ன எலும்பும் ஒரே அளவு கூடியிருக்கிறது என்றால் அது இயற்கையில் நடக்கிற காரியமா? நாலு மாதம் இந்த எண்களைப் பார்த்துப் பூரித்தவளுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

ஆறாம் எண்ணோடு கையை நிறுத்திவிட்டேன். என் டிஜிட்டல் வெர்னியரை எடுத்துப் பார்த்தேன். எலும்பைக் கவ்வுகிற அதன் ரெண்டு பல்லிலும் புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளை டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தேன். இரும்புப் பல் அழுத்தி அங்கவடி ஒடிந்துவிடக் கூடாதே என்று ஆனி தொடக்கத்தில் நானே கண்டுபிடித்த உபாயம். டேப் ஒட்டியதும் பல்லை மூடி மறுபடி பூஜ்யம் அழுத்த வேண்டும். இல்லையென்றால் டேப்பின் கனமும் எலும்போடு சேர்ந்து காட்டும். அழுத்தவில்லை. ஆவணியில் பேட்டரி தீர்ந்து புதிது போட்டபோது தன்னைப்போல் பூஜ்யம் அழுத்தினேன், அப்புறம்தான் இடது பக்கம் அளந்தேன். முப்பது பேரின் வலது காதிலும் நான் கண்டுபிடித்தது அந்த டேப்பின் கனம்தான்.

என் ஆய்வு அங்கேயே செத்துப்போயிற்று. ரெண்டு காதும் ஒன்றுதான் என்று எழுதலாம்; ஆனால் அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், இன்னொரு ஆளோடு. மாசிக்குள் நடக்காது. அதற்கும் அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. ரெண்டாவது ஆள் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? பத்து எலும்பை ஒழுங்காக அளந்திருந்தால் ஆனியிலேயே இது வெளியே வந்திருக்குமே. அந்தக் கோபத்தில்தான் அவள் நோட்டை இழுத்துத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் பேனா எழுத்துக்கு அடியில் ஏதோ தடம் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருக்கிறாள். அழுத்தி எழுதுகிறவள், அழித்தாலும் பள்ளம் போகவில்லை. ஒன்று முதல் ஆறு வரை படிக்க முடிந்தது. அன்று காலையிலிருந்து நான் எழுதியிருந்த ஆறு எண்களின் அளவும் அதுவும் ஒன்றாக இருந்தன.

அவளுக்குப் போன் செய்தேன். ரெண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்தாள். ஆறும் சரியாகத்தான் அளந்திருக்கிறாய், தப்பு என் வெர்னியரில் என்று சொன்னேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"கேட்டேம்லாக்கா."

"என்னத்தட்டி கேட்ட?"

"பஸ்ஸுல. ஒன் வெர்னியர் கொஞ்சம் கூடக் காட்டுதோன்னு. மொதல்ல ஒழுங்கா அளக்கப் படி, பொறவு என் சாமானக் குத்தம் சொல்லுன்னு சொன்ன. முன் சீட்டுல நம்ம காலேஜ் பிள்ளேள் ரெண்டு பேரு திரும்பிப் பாத்துச்சு. எனக்கு ஒரு மாரி ஆயிட்டு. எனக்குத்தான் அளக்கத் தெரியல போலன்னு அழிச்சிட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய பேச்சுதான் அது, ஒரு எழுத்து பிசகவில்லை. அவள் இவ்வளவையும் சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. வை போனை என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் மேடத்தின் அறைக்குப் போனேன். தொலைந்த எலும்பைச் சொன்னேன். மறைத்ததைச் சொன்னேன். டேப்பைச் சொன்னேன், முதல் ஆறை அளந்து அழித்துவிட்டு அவள் பார்த்து எழுதியதையும் சொன்னேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மேடம் ரெண்டு நோட்டையும் புரட்டிப் பார்த்தார். எலும்பு தொலைவதும் கருவி பிசகுவதும் மனிதர்களுக்கு நடப்பதுதான், ஒரு வருஷம் தள்ளிப்போகும், உனக்காக நிர்வாகத்திடம் நான் பேசிப்பார்க்கிறேன் என்றார். அவள் நோட்டைத் தனியாக எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இவளை என்னால் காப்பாற்ற முடியாது என்றார்.

"மொதல் ஆறும் ஒத்துப்போகலைன்னா, ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாம்மா?"

நான் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் மேடம், கேட்டிருக்கலாம் என்றேன்.